வெள்ளம் வடிந்த வயலுக்குக் காசா, விதைநெல்லா?

2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயலோடு மகாவலி ஆறு பெருகி, திருகோணமலை மாவட்டத்து மாவிலாறு அணைக்கட்டும் உடைந்தபோது, மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்து வயல்களில் மாரிமழையில் செய்யும் பெரும்போக வெள்ளாமை இன்னும் இளம்பயிர். இப்படியொரு நேரத்தில் கமக்காரக் (விவசாயக்) குடும்பத்துக்கு எதைக் கொடுப்பது? காசா, விதைநெல்லும் பசளையுமா, கடைக்கு எழுதிய வவுச்சரா? எங்கள் வாக்கு காசுக்குத்தான். அதற்கு முதற்காரணம் நாட்கணக்கு.

காசு உடனே கிடைத்து, 80 நாளில் விளையும் பிஜி 250 நெல்லினத்தை டிசம்பர் 25இல் மறுபடி விதைத்தால் மார்ச் நடுப்பகுதியில் அறுத்துவிடலாம். பொருளுதவியோ விலைமனு, கொள்வனவு, லொறி, பங்கீடு என்று இழுபட்டு ஜனவரி நடுவில் வந்து சேரும். அதுவும் மூன்றரை மாத இனமாக இருந்தால் அறுவடை ஏப்ரல் கடைசிக்குப் போய் அடுத்து வரும் சிறுபோகத்தோடு முட்டும். அந்த நெல்லை நம்பி விதைக்க எந்தக் கமக்காரரும் துணிய மாட்டார். அது அரிசியாகி அடுப்புக்குத்தான் போகும், அதில் குற்றமும் இல்லை.

காசு கையில் இருந்தால் செலவு தேவைக்கேற்ப பிரியும். ஏக்கருக்கு இரண்டு புசல் (சுமார் 40 கிலோ) விதைநெல், மறு உழவு, வரம்பு கட்டக் கூலி, அறுவடைவரை வீட்டுச் சாப்பாடு. பெரும்பாலும் விதைநெல்லைவிட உழவுக்கூலியும் ஆட்கூலியும்தான் கூட வரும். வவுச்சரால் உழவு இயந்திரக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாது. குறிப்பிட்ட கடையில்தான் மாற்றலாம் என்றால் அந்தக் கடை விலையைக் கூட்டும், பழைய சரக்கைத் தள்ளிவிடும்.

காசு கடனுக்குப் போய்விடும் என்பது வழக்கமான எதிர்வாதம். போகும்தான். கடனுக்கு விதையும் பசளையும் தந்த முதலாளிக்குப் பாதியாவது கட்டினால்தான் அடுத்த மூட்டை யூரியா கடனுக்குக் கிடைக்கும், அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளக்காமல் தப்பலாம். அதை வீண்செலவு என்று எழுதுவது அநியாயம்.

ஆனாலும் காசு தோற்கும் இடங்கள் உண்டு. ஆறு மணலை அள்ளி வயலில் போட்டிருந்தால், ஒரு ஏக்கரில் 4 அங்குல மணல் என்பது ஏறத்தாழ 145 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). எந்தக் குடும்பத்துக் கொடுப்பனவும் அதை அகற்றப் போதாது. உடைந்த வாய்க்காலும் அப்படித்தான்: மேல்வயல்காரர் தன் பங்கைத் திருத்தாவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணீர் வராது. இங்கே இயந்திரத்தைக் கமக்காரர் அமைப்பு மூலம் பொதுவாக இறக்க வேண்டும். ஒரே கிழமையில் எல்லாரும் உழவுக்கு ஓடி வாடகை ஏறினாலும் அதே வழிதான், ஒரு வட்டைக்கு, அதாவது ஒரு வயல்வெளி முழுவதற்கும், சேர்த்து விலை பேசுவது.

இன்னொன்று நல்ல விதைநெல்லே சந்தையில் இல்லாத நிலை. அப்போது விதைநெல்லை மட்டும் பொருளாகக் கொடுங்கள். பங்கிடுமுன் 100 மணியை எண்ணி ஈரச்சாக்கில் முளைக்கட்டிப் பாருங்கள். 85க்குக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். பாதை துண்டிக்கப்பட்ட முதல் நாட்களில் உலருணவுதான் வேண்டும், கடை திறக்காத ஊரில் காசு வெறும் தாள்.

காசு கொடுப்பதிலும் பிழைகள் நடக்கின்றன. இரண்டு தவணையாகக் கொடுப்போர், முதல் தவணைக்குப் பற்றுச்சீட்டு வந்தால்தான் அடுத்தது என்பார்கள். வரம்பு கட்டிய கூலியாள் பற்றுச்சீட்டு எழுதித் தருவாரா? அந்த இழுபறியில் யூரியா போடும் நாள் கடந்து பயிர் மஞ்சளாகும். இரண்டாம் தவணைக்கு, வயல் விதைத்துக் கிடக்கிறது என்று நேரில் பார்ப்பதே போதும். வெள்ளத்தில் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் போனவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் ஏற்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை பெயர்ப்பட்டியலில். காணி உரிமையாளர் பெயருக்குக் காசு போனால், குத்தகைக்குச் செய்தவருக்கு ஒரு சதமும் வராது. உழவுக்கும் பசளைக்கும் கடன்பட்டவர் அவர்தான். கமநல சேவை நிலையத்துப் பதிவை மட்டும் நம்பாமல், இந்தப் போகம் எந்தத் துண்டை யார் விதைத்தார் என்று அமைப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்து உறுதிப்படுத்திய பிறகே பட்டியலை வங்கிக்கு அனுப்புங்கள்.