கேடன்ஸ் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர்: நான்கு வருடத்தில் மூன்று ஏற்பாடுகள்

முழங்கால் வலியில்தான் இது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஹைப்ரிட் சைக்கிளில் போய் வருவேன். வேகம் 25-க்குக் கீழே இறங்கினால் மனசு ஒப்பாது, அதனால் முன் பல்சக்கரத்தில் 48 பல், பின் பல்சக்கரத்தில் 15 பல், அந்த கியரை விட்டு இறங்கியதே இல்லை. மூன்றாவது மாதம் வலது முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரு வலி, மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்று பிடிக்கும். கூட வருகிற அறுபது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, இவ்வளவு அழுத்தி மிதிக்காதீங்க, கியரைக் குறைச்சு வேகமாச் சுத்துங்க, மூட்டு போயிடும்" என்றார். எவ்வளவு வேகமாக என்று கேட்டேன். "நிமிஷத்துக்கு எண்பது சுத்து வரட்டும், மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் வாட்சைப் பார்த்துக்கொண்டே, வலது முழங்கால் எத்தனை தடவை மேலே வருகிறது என்று 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். 60 வந்தது. இதுதான் கேடன்ஸ், பெடல் நிமிடத்துக்கு எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. அதே வேகத்தில் போகும்போது 60 சுற்றை 80 ஆக்கினால், ஒவ்வொரு மிதிக்கும் கால் கொடுக்க வேண்டிய விசை நாலில் ஒரு பங்கு குறைகிறது. என் சைக்கிளில் 48-க்கு 15 போட்டு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 60 சுற்று, 18-க்கு மாற்றினால் அதே வேகத்துக்கு 72. வேகம் குறையவில்லை, முட்டிக்கு மட்டும் பாரம் குறைகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு மீட்டர் வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

முதலில் வாங்கியது கம்பி வைத்த சாதாரண மாடல். இடது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், ஒரு சின்ன காந்தம், செயின்ஸ்டேயில், அதாவது பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயில், ஒரு சென்சார், ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் சென்சாரைக் கடக்கும்போது ஒரு எண்ணிக்கை. ஜிபிஎஸ் கிடையாது, சார்ஜ் போடும் வேலை கிடையாது, ஒரு பட்டன் செல்லில் மாசக்கணக்கில் ஓடும். வேகத்தைக் கணக்கிட டயர் சுற்றளவை மட்டும் நாமே கொடுக்க வேண்டும், என் 700 x 32 டயருக்கு 2155 மில்லிமீட்டர். ஒன்றரை வருடம் இதை வைத்திருந்தேன், இன்றைக்கும் இதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. குறை காந்தத்தில்தான். கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தாலும் குலுங்கிக் குலுங்கி மெதுவாக நகரும். ஒரு தடவை முட்டுக்காடு பாலத்தில் திடீரென்று கேடன்ஸ் 0 காட்டியது, நான் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால் காந்தம் கிராங்கின் உள்பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம் கீழே திரும்பியிருந்தது, சென்சாருக்கு நேராக வரவே இல்லை. கையால் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதே வேலை. கடைசியில் சைக்கிளை ரயிலில் ஏற்றும்போது கம்பி எதிலோ மாட்டி அறுந்தது.

அப்புறம் போன். காந்தம் தேவைப்படாத புளூடூத் சென்சார் ஒன்றை வாங்கி, ஹேண்டில்பாரில் போனை மாட்டி, ஆப்பில் பார்த்தேன். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எட்டரை மணி வெயிலிலேயே போன் சூடாகித் திரை மங்கும், வியர்வைச் சொட்டு விழுந்தால் தொடுதிரை தானாகப் பக்கம் மாறும், வீடு திரும்புவதற்குள் பேட்டரி பாதிக்கு மேல் போய்விடும். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சென்சார் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கேடன்ஸை அளப்பது சென்சார், ஹேண்டில்பாரில் இருப்பது அதைக் காட்டுகிற பலகை, இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் என்ன விலை கொடுத்து வாங்கினாலும் அது தானாக கேடன்ஸ் அளக்காது, செயற்கைக்கோளுக்கு நம் கால் எத்தனை தடவை சுற்றியது என்று தெரியாது. பெட்டியில் சென்சார் சேர்ந்து வருகிறதா என்று பார்க்காமல் வாங்கி ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டு வருடமாக அதே சென்சாருடன் ஒரு நடுத்தர ஜிபிஎஸ் கம்ப்யூட்டர். வாங்கும்போது நான் பிடிவாதமாகப் பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, சென்சார் கம்பியில்லாமல் எண்ணை அனுப்பும் ஏஎன்டி பிளஸ், புளூடூத் என்ற இரண்டு வழியையும் எடுத்துக்கொள்கிறதா என்பது. ஏஎன்டி பிளஸ் வழியில் சென்சார் ஒலிபரப்பு மாதிரி அனுப்பும், பக்கத்தில் எத்தனை கருவி இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். புளூடூத்தில் பல சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் சேரும், போன் ஆப் பின்னணியில் பிடித்து வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது. கார்மின், வாகூ மாதிரி கம்பெனிகளின் கேடன்ஸ் சென்சார்கள் இரண்டு வழியிலும் பேசும், ஒரு கம்பெனி சென்சாரை இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டரில் போடலாம். இரண்டாவது, எழுத்தின் அளவு. எனக்கு 44 வயது, வெள்ளெழுத்து வந்துவிட்டது. ஒரு திரையில் பத்து விவரம் காட்டுவது எனக்குப் பயன்படாது, மூன்றே மூன்று, அதில் கேடன்ஸ் பெரிதாக நடுவில் இருக்க வேண்டும். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும், வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பாருங்கள், கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் அதையும் போட்டுக்கொண்டு பாருங்கள்.

காந்தமில்லாத சென்சார் ரப்பர் வளையத்தில் இடது கிராங்கின் உள்பக்கம் உட்காரும். மாட்டுவதற்கு முன் கிராங்குக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள், சில ஃபிரேம்களில் இடிக்கும். விலை குறைந்த சில சென்சார்களை வேகத்துக்கும் வைக்கலாம், கேடன்ஸுக்கும் வைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். செல்லைக் கழற்றி மாட்டினால் வேலை மாறிவிடும். செல் மாற்றிய பிறகு "கேடன்ஸ் வரவே இல்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் சென்சாரைத் தெரியாமல் வேக மோடுக்கு மாற்றி வைத்திருப்பார்கள்.

சராசரி விஷயத்தில் நான் நிறைய நாள் குழம்பினேன். ஆறு மாதம் பாடுபட்டும் சராசரி கேடன்ஸ் 64-ஐத் தாண்டவில்லை, ஓட்டும்போது பார்த்தால் 80 காட்டுகிறது. கம்ப்யூட்டர் சிக்னலில் நின்ற நேரத்தையும் மிதிக்காமல் உருண்ட நேரத்தையும் 0 என்று கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. செட்டிங்கில் பூஜ்யத்தைச் சேர்க்காதே என்று மாற்றியதும் 78 வந்தது. நகரத்துக்குள் ஓட்டுகிறவர்கள் இதை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இந்த எண் உண்மையில் கைகொடுப்பது சமதளத்தில் இல்லை, எதிர்க்காற்றிலும் மேட்டிலும்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்த மாதத்தில் ஈசிஆரில் தெற்கே போனால் வேகத்தைப் பார்க்கவே கூடாது, வேகத்தைப் பிடிக்கப் போனால் முட்டி போய்விடும். வேகத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன், கேடன்ஸ் 75-க்குக் கீழே இறங்கினால் ஒரு கியர் குறைப்பேன், அவ்வளவுதான். ஏலகிரி ஏறும்போதும் அப்படியே. புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள், பாதி தாண்டியதும் மூச்சு வாங்கியது. திரையில் 52. மிதிக்க மிக லேசான கடைசி கியரைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைத்திருந்தேன், எல்லோரும் செய்கிற தப்புதான். பின்னால் 28 பல்லிலிருந்து 32-க்குப் போட்டதும் அதே வேகத்தில் 59-க்கு ஏறியது, தொடையில் இருந்த எரிச்சல் அடுத்த வளைவுக்குள் தணிந்தது. அந்த 52-ஐப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் இறங்கித் தள்ளியிருப்பேன்.

முட்டி வலி இப்போது இல்லை. சீட்டை 1 சென்டிமீட்டர் உயர்த்தியதற்கும் அதில் பங்கு உண்டு, எல்லாப் புகழையும் மீட்டருக்கே கொடுக்க மாட்டேன்.

பராமரிப்பு என்றால் செல் மட்டும்தான், சிஆர்2032, எனக்கு வருடத்துக்கு ஒன்று போதும். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன, அந்தப் பூச்சால் சில சென்சார்களில் கரண்ட் சரியாக ஏறாது, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள், ஐப்பசி மழையில் ஒரு தடவை அது மடங்கியிருந்து உள்ளே தண்ணீர் போய், ஒரு வாரம் அரிசி டப்பாவில் வைத்து எடுத்தேன். பிழைத்துக்கொண்டது, இன்னும் அதுதான் ஓடுகிறது.