இன் அவர் டைம்: மூன்று பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, முக்கால் மணி நேரம்

பிபிசி ரேடியோ 4இல் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாராவது கேட்டால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பில் இருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். தெரியாத விஷயத்தை யார் பேசினாலும் பிரமாதமாகத்தான் இருக்கும். தெரிந்ததைக் கேட்டால்தான் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று பிடிபடும்.

நான் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள். அதனால் ஒளிச்சேர்க்கை பற்றிய 2014ஆம் ஆண்டு எபிசோடை எடுத்துக்கொண்டேன். நிக் லேன், சாண்ட்ரா நாப், ஜான் ஆலன் ஆகிய மூவர் விருந்தினர்கள். ஒருவர் உயிர்வேதியியல்காரர், ஒருவர் தாவரவியலாளர், இன்னொருவர் பசுங்கணிகத்தின் (தாவர செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பு) பரிணாமத்திலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். நாங்கள் வகுப்பில் சமன்பாட்டை எழுதிப்போட்டு, ஒளிவினை, கால்வின் சுழற்சி என்று வரிசையாகப் போய்விடுவோம். ஒளியைப் பிடிக்கும் புரதத் தொகுதிகளான ஒளி அமைப்புகள் இரண்டு உண்டு. படத்தில் இரண்டாம் எண்ணுள்ளது முதலில் வரும், ஒன்றாம் எண்ணுள்ளது அதற்குப் பின்னால் வரும். கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்தார்கள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள். ஆனால் உண்மையான கேள்வி வேறு. இரண்டு எதற்கு? இன்றைக்கும் சில பாக்டீரியாக்களிடம் ஒரு வகை மட்டும் இருக்கிறது, வேறு சிலவற்றிடம் மற்றது மட்டும் இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டையும் சேர்த்து ஓட்டுபவை ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியாவும், அதை உள்ளே வாங்கிக்கொண்ட பாசிகளும் தாவரங்களும்தான். அந்தச் சேர்க்கை நடந்ததால்தான் தண்ணீரைப் பிளக்க முடிந்தது, காற்றில் ஆக்சிஜன் வந்தது, நாம் வந்தோம். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதையே ஆராய்ந்து கருதுகோள் சொன்னவர் ஜான் ஆலன். அப்படிப்பட்ட ஒருவரை மேசையில் உட்காரவைத்து, முதல் கேள்வியாக ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்பதில் இருந்தே ஆரம்பிக்கும் நிகழ்ச்சி இது. அடித்தளத்தைத் தாண்டிக் குதிப்பதில்லை, அடித்தளத்திலேயே நின்றுவிடுவதும் இல்லை. எனக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நம்பிக்கை வந்த பிறகுதான் எனக்குத் துளியும் தெரியாத பக்கங்களுக்குள் போனேன்.

நிகழ்ச்சி 1998 அக்டோபரில் தொடங்கியது. இதை நடத்திய மெல்வின் பிராக் அதற்கு முன் பத்து வருடம் ரேடியோ 4இன் திங்கள் காலை நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அவர் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினர் ஆனதும் அதை விட வேண்டி வந்தது. அப்போது கொடுக்கப்பட்டது, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத வியாழக்கிழமைக் காலை நேரம். முதலில் அரை மணி நேரம், இரண்டு விருந்தினர்கள். பிறகு மூன்று பேர், முக்கால் மணி நேரம் என்று ஆனது. 2025 செப்டம்பரில் அவர் விலகுவதாக அறிவித்தபோது ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியிருந்தது. அவருக்குப் பின் பத்திரிகையாளர் மிஷா கிளென்னி பொறுப்பேற்றிருக்கிறார். நான் இங்கே எழுதுவது பிராக் நடத்திய காலத்தைப் பற்றித்தான், ஏனென்றால் கேட்கக் கிடைக்கும் சேமிப்பில் ஏறக்குறைய எல்லாமே அவருடையது.

தொடக்க இசை கிடையாது. 'ஹலோ' என்பார், தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் வாசிப்பார், மூன்று பேரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார், உடனே முதல் கேள்வி. யாரும் நலம் விசாரித்துக்கொள்வதில்லை, சிரிக்கவைக்க மெனக்கெடுவதில்லை. வந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தலைப்பில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள். பிரபலம் என்பதற்காக யாரையும் கூப்பிடுவதில்லை. பிராக்கோ இங்கிலாந்தின் கம்பிரியாவில் விக்டன் என்ற சிற்றூரில் வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்து, நாவல்கள் எழுதியவர். அறிவியல் அவர் துறை அல்ல. ஆனால் குறிப்புகளைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொண்டு போகமாட்டார். பேராசிரியர் ஒரு கலைச்சொல்லைப் போட்டுவிட்டு நகரப் பார்த்தால், நிறுத்தி, அதை விளக்கச் சொல்வார். ஒருவர் வளவள என்று போனால் வெட்டிவிடுவார். முதலில் இது முரட்டுத்தனமாகக் காதில் விழும். நாலைந்து எபிசோட் கேட்ட பிறகு, அந்த வெட்டு நமக்காகத்தான் என்று தெரிந்துவிடும்.

நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது 2016இல் வந்த 'கோடையே இல்லாத ஆண்டு 1816' என்ற எபிசோடை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை. மறு வருடம் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடை வரவே இல்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூன் மாதம் பனி பெய்தது. இந்தத் தலைப்புக்கு அவர்கள் எரிமலை அறிஞர் கிளைவ் ஓப்பன்ஹைமர், ரொமாண்டிக் இலக்கியப் பேராசிரியர் ஜேன் ஸ்டேப்ளர், வரலாற்றாசிரியர் லாரன்ஸ் கோல்ட்மன் என்று மூன்று துறைக்காரர்களை உட்காரவைத்தார்கள். அங்கேதான் நிகழ்ச்சியின் பலம் இருக்கிறது. எரிமலைக்காரர் கந்தகம் மேல்வளிமண்டலத்துக்குப் போய்ச் சூரிய ஒளியை மறைக்கும் கதையைச் சொல்லலாம். இலக்கியக்காரர் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த கவிஞர் பைரனையும் எழுத்தாளர் மேரி ஷெல்லியையும் கொண்டுவரலாம். மேரி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் கதை முளைத்தது அந்தக் கோடையில்தானே. கேட்கிற நாம் எல்லாவற்றுக்கும் எரிமலைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவோம். அப்போது வரலாற்றாசிரியர் தேவைப்படுகிறார். 1815இல்தான் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்திருந்தது. படைவீரர்கள் வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தார்கள். அதே வருடம் வந்த தானியச் சட்டம் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்தது. 1816இல் கிழக்கு இங்கிலாந்தில் ரொட்டிக்காகக் கலவரம் செய்தவர்களின் பசிக்கு வானம் மட்டும் பொறுப்பல்ல. ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணத்தைத் தேடும் புத்தியை இந்த மாதிரி உரையாடல் மெல்லக் கழற்றிவிடுகிறது. இதைப் புத்தகமாகப் படித்தால் ஒரே ஆசிரியரின் கோணம்தான் கிடைக்கும். இங்கே மூன்று கோணங்களும் ஒன்றை ஒன்று திருத்திக்கொள்கின்றன.

அன்றைய செய்திக்குப் பொருத்தமான தலைப்பாக எடுக்க வேண்டும் என்ற கவலை இவர்களுக்கு இல்லை. ஒரு வாரம் நியூட்ரான் விண்மீன், இன்னொரு வாரம் தத்துவவாதி கான்ட், வேறொரு வாரம் மிதவை உயிரிகள். இந்தத் தைரியத்துக்காகவே நான் இதை மதிக்கிறேன். 2005இல் நேயர்களிடம் மிகச் சிறந்த தத்துவவாதி யார் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். கார்ல் மார்க்ஸ் முதலிடம், டேவிட் ஹியூம் இரண்டாமிடம். காலை வானொலி கேட்பவர்களை நம்பி இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் நிலையம் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, கடைசிப் பத்து நிமிடம். பல வருடங்கள் நேரலையாகப் போன நிகழ்ச்சி, மணி அடித்தால் முடித்தே ஆக வேண்டும். முதல் கால் மணி நேரம் பின்னணிக்கே போய்விடும். பிறகு கடைசியில், இதன் தாக்கம் என்ன என்ற பெரிய கேள்வியை மூன்று பேருக்கும் ஆளுக்கு அரை நிமிடமாகப் பங்கு போடுவார். பாட்காஸ்டில் சில நிமிடம் கூடுதலாக வைக்கிறார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் எதை விட்டுவிட்டோம் என்று பிராக் கேட்பார், அவர்களும் இறுக்கம் தளர்ந்து பேசுவார்கள். தயாரிப்பாளர் உள்ளே வந்து தேநீரா காபியா என்று கேட்கும்வரை அது ஓடும். பல நேரம் மிக நல்ல வாக்கியம் அங்கேதான் வரும். அதனால் வானொலியைவிடப் பாட்காஸ்டாகக் கேட்பதே மேல்.

இரண்டாவது, உலகம் அவர்களுக்குக் கிரேக்கத்தில் தொடங்கி இங்கிலாந்தில் முடிகிற சாய்வு. இந்தியத் தலைப்புகள் இல்லாமல் இல்லை. அசோகர், உபநிடதங்கள், அர்த்தசாஸ்திரம், முகலாயப் பேரரசு, தாகூர் எல்லாம் இருக்கின்றன. 2006இல் வந்த இந்தியக் கணிதம் பற்றிய எபிசோட் அருமையான தேர்வு. கேரளக் கணித மரபை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப் அதில் பேசுகிறார். பை-யின் மதிப்பைத் தரும் முடிவிலித் தொடரை ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் எழுதினார், கேரளக் கணிதர் மாதவரின் மரபினர் அதை அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். இப்படி ஒரு மரபைச் சொல்ல முக்கால் மணி நேரம் எந்த மூலைக்கு? ஷேக்ஸ்பியருக்கும் ரோமுக்கும் எபிசோட் மேல் எபிசோட் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

கணிதத் தலைப்புகளை நடந்துகொண்டே கேட்காதீர்கள். விடையை எளிதில் சரிபார்க்க முடிந்த கணக்குக்கு விடையை எளிதில் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற புதிரைப் பற்றி 2015இல் வந்த 'பி வெர்சஸ் என்பி' எபிசோடில், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய டிமதி கவர்ஸே வந்து பேசுகிறார். ஆனால் பலகை இல்லாத கணக்கு வகுப்பு அது. தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, நடுநடுவே நிறுத்திக் கேட்டால் பலன் உண்டு. ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறையுங்கள். பிராக்கின் மூக்கடைத்த மாதிரியான குரலும் அப்போது தெளிவாகிவிடும்.

காசு கேட்பதில்லை. பிரிட்டனுக்கு வெளியே இருந்து கேட்டால் நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். பல எபிசோடுகளின் இணையப் பக்கத்தில் புத்தகப் பட்டியல் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். பின்னணியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, இரண்டு நிமிடம் கவனம் சிதறினால் இழை அறுந்துவிடும். வரலாற்றுப் பிரியர்கள் 1816இல் இருந்தும், அறிவியல்காரர்கள் ஒளிச்சேர்க்கையில் இருந்தும், பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க நினைப்பவர்கள் 2004இல் வந்த 'பூஜ்ஜியம்' எபிசோடில் இருந்தும் தொடங்கலாம்.