வெண்ணெய்க்குத் தயிரைக் கடைவதா, பாலாடையைக் கடைவதா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எருமைப் பாலுக்குக் குறைவில்லை. அதில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம். பசுப்பாலில் 4 அளவில்தான்.

முழுத் தயிரைக் கடைந்தால் வெண்ணெயோடு பானை நிறைய மோரும் கிடைக்கும். ஆனால் விடியுமுன் மத்தைப் பிடிக்க வேணும். வெயில் ஏறினால் கொழுப்பு இளகி, திரளாமல் மோரிலேயே நின்றுவிடும். மத்தில் கடுகளவு மணிகள் ஒட்டத் தொடங்கியதும் ஒரு சிரட்டை குளிர்ந்த தண்ணீர் விட்டு, வேகத்தைக் குறையுங்கள், மணிகள் ஒன்றுசேரும். இங்கே அவசரப்பட்டால் மோர் வெண்ணெய்க்குள் சிக்கி, கெதியில் புளிக்கும்.

ஆடை வழித்துச் சேர்த்தால் கைநோவு குறைவு, கடையும் அளவும் சிறிது. ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஓரிரு நாளுக்குமேல் ஆடையைச் சேர்க்காதீர்கள்; கசந்துவிடும், அந்தக் கசப்பு நெய்யிலும் தெரியும்.

எந்த வெண்ணெயையும் தண்ணீர் தெளியும்வரை பிசைந்து கழுவுங்கள். நெய் உருக்குவதென்றால் தயிர் வெண்ணெய்தான். அந்த மணம் ஆடையில் வராது.