கடம்பூர் போளி: ரயிலில் வாங்கலாமா, இறங்கித் தின்னணுமா?

கோவில்பட்டி தாண்டி மணியாச்சிப் பக்கம் பாசஞ்சரில் போகிறவர்களுக்கு இந்தப் போளியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பெட்டிக்குள் கூவி விற்கிற போளியை மட்டும் தின்றுவிட்டு "இதுக்கா இவ்வளவு பேரு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடம்பூரில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு தின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் தின்றது இரண்டு வகை. பருப்புப் போளிக்குத்தான் என் ஓட்டு: கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலக்காயும் நன்றாக மசிந்த பூரணம், மைதா மெல்லிசு, விரலில் நெய் ஒட்டுகிறது. தேங்காய்ப் போளி சூட்டில் பிரமாதம், ஆனால் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள், தேங்காய் காத்திருக்காது. பார்சல்தான் சொதப்பல், சூடு ஆறுவதற்குள் கட்டிவிடுவதால் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஆறவிட்டுக் கட்டச் சொன்னால் கட்டித் தருகிறார்கள், கேட்கத்தான் வேண்டும்.

இத்தனூண்டு ஊரின் போளிக்கு எப்படி இவ்வளவு புகழ் வந்தது என்றால், எனக்கென்னவோ தண்டவாளம்தான் காரணம் என்று படுகிறது. 1876-ல் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகத்துக்குப் போக வேண்டும், கொழும்பு போகிறவர்கள் கப்பலைப் பிடிக்க வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கிறவரை சிலோன் பயணிகளுக்குத் தூத்துக்குடிதான் வாசல், அந்தக் கூட்டமெல்லாம் கடம்பூரைக் கடந்துதான் போயிருக்கும். அடுத்த ஸ்டேஷன் மணியாச்சியில் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று திருநெல்வேலிக்குப் போகிறது. 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் அங்கேதான், அதனால்தான் இன்றைக்கு அது வாஞ்சி மணியாச்சி.

மணியாச்சிக்கு வரலாறு கிடைத்தது, கடம்பூருக்குக் கிராசிங் கிடைத்தது. ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போது பசித்த வயிறுகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும், வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? 1986-ல் மாவட்டம் பிரிந்து கடம்பூர் தூத்துக்குடியோடு போய்விட்டாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைப் பண்டம்தான் (தூத்துக்குடிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்).

இப்போது இரட்டைப் பாதை. கிராசிங்குக்காக நிற்கிற வேலை இல்லை, எக்ஸ்பிரஸ்களில் பாதிக்கு மேல் பறந்துவிடுகின்றன. நமக்கு நேரம் மிச்சம், கூடை தூக்குகிறவர்களுக்கு நஷ்டம். ரயிலில் கிடைக்கும் போளி சில நாள் விறைப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணமோ என்னவோ, விற்றுத் தீர ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது.

என் மார்க்: கடையில் தின்றால் ஐந்துக்கு நாலரை, ரயிலில் வாங்கினால் மூன்று. வாங்குமுன் தொட்டுப் பாருங்கள், வளைந்தால் வாங்கலாம்.