பழைய செங்கல் அடுப்பைத் திறக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் பாட்டா கட்டிய ஓட்டு வீடு. அடுக்களையில் செங்கல் வளைவு வைத்த பெரிய அடுப்பு, அதற்கு மேலே புகைக்கூண்டு. கேஸ் வந்தபிறகு அதை அடைத்துப் பூசிவிட்டார்கள். இந்த வருஷம் திறக்கலாம் என்று முடிவு செய்தோம். "பழைய வீட்டு வேலை நமக்குப் புதுசில்ல சார், செங்கல்ல அப்படியே வெளிய எடுத்துத் தாறேன்" என்றார் ஒரு காண்ட்ராக்டர். 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

அவர் அனுப்பிய பையன்கள் கையில் உளி இல்லை, பிரேக்கர் மெஷின். பூச்சோடு சேர்ந்து செங்கல்லின் மேல்தோலும் பெயர்ந்து விழுந்தது. சூளையில் வெந்து இறுகிய அந்தத் தோல்தான் கல்லுக்குக் காவல். அது போனால் உள்ளே இருக்கிற மண் தண்ணீரைக் குடிக்கும். என் அம்மா "மெதுவாத் தட்டுங்க மக்களே" என்று கெஞ்சியும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் கறையைப் போக்க ஆசிட் ஊற்றினார்கள். கற்களைப் பிடித்திருந்தது சுண்ணாம்புக் காரை. ஆசிட் பட்டால் சுண்ணாம்பு கரையும். மிஞ்சுகிற உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கரைந்த இணைப்புகளைக் கட்டரால் அறுத்து சிமென்ட் அடைத்து, மேலே பளபளவென்று ஒரு கோட்டிங். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனி, ஆடி மழை தொடங்கியதும் சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்தது, கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மை, ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை விடாது, கோட்டிங்கும் விடாது. ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பு அங்கே இறுகிக் கல்லை உடைக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம்ம மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இதைவிட ஆபத்து புகைக்கூண்டு. மேல்வாயைப் பல வருஷம் முன்பே ஸ்லாப் போட்டு மூடியிருந்தார்கள். காண்ட்ராக்டர் ஏறிப் பார்க்கவே இல்லை, "புகை போகும், தைரியமா பத்த வைங்க" என்றார். விறகு பற்றவைத்ததும் புகை முழுக்க வீட்டுக்குள் திரும்பியது. கதவைச் சாத்தி யாராவது தூங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கூடக் கிடையாது. இன்னொன்று, இடிசல் என்று சொல்லி முழுசாக இருந்த பழைய கற்களையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை.

வேலைக்கு ஆள் வைப்பதற்கு முன் ஓரத்தில் ஓரடி இடத்தை உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழுவத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். இணைப்புக்குச் சுண்ணாம்பும் மணலும்தான் என்று எழுதி வாங்குங்கள். வளைவுக் கல்லில் ஒன்றைக்கூட அசைக்க விடாதீர்கள். கூண்டின் மேல்வாய் திறந்திருக்கிறதா என்று ஆள் ஏறிப் பார்த்த பிறகே தீ வையுங்கள். பழைய கற்கள் உங்களுக்குத்தான் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பிரேக்கரும் ஆசிட் கேனுமாக ஆள் வந்து இறங்கினால், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் சரி, வேலையைத் தொடங்க விடாதீர்கள்.