பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும் வாகனம்: அலைன்மென்டா, பின்னா, ஹோஸா?

பிரேக் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், "முதல்ல அலைன்மென்ட் பாருங்க" என்றுதான் பலரும் சொல்வார்கள்; அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வாகனம் என்றால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

பிரேக்கைத் தொடாமலே விலகிப் போனால் டயர் காற்று, அலைன்மென்ட், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிரேக். மழைநீர் வடிய வீதி ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் ஓட்டும் நமக்கு வாகனம் லேசாக இடப்பக்கம் போவது இயல்புதான். மிதித்த கணத்தில் மட்டும் இழுத்தால் சந்தேகம் முதலில் பிரேக் மீது.

எந்தப் பக்க பிரேக்? இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கச் சில்லைத்தான் பலர் கழற்றுகிறார்கள். ஆனால் வலப்பக்கம் உழைக்காததாலும் அப்படி இழுக்கும். கொஞ்சத் தூரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, முன்சில்லுகள் இரண்டின் கிட்டவும் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். சில்லோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். சூடு குறைந்த பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்து, கருகல் வாடையும் வந்தால் அது விடாமல் பிடிக்கிறது.

கடலோர வாகனத்தில் நான் முதலில் பார்ப்பது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கலிபர் நகரும் பின்களை. ரப்பர் உறை கிழிந்தால் ஈரமும் உப்பும் உள்ளே போய், பின் துருவேறி இறுகிவிடும். ஒரே சில்லில் உள் பாட் (டிஸ்க்கை உரசும் கட்டை) தேய்ந்து வெளிப் பாட் தடிப்பாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். துரு ஆழமாக அரிக்காவிட்டால் கழற்றித் துப்புரவாக்கினால் போதும், செலவும் குறைவு. பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸைத்தான் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

பின்கள் சரி என்றால், அடுத்தது கலிபருக்குப் பிரேக் ஒயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். அனுபவமுள்ள பாஸ்மாரையும் (மெக்கானிக்குகளையும்) ஏமாற்றுவது இது. வெளியே புதிது போலவே இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தவுடன் ஒரு பக்கம் இழுத்து, காலை எடுத்த பிறகு மறுபக்கம் இழுத்தால் அந்த மறுபக்க ஹோஸைச் சந்தேகியுங்கள். ஜக்கில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்ட பிறகும் சில்லு சுற்றாமல் நின்றால், கலிபரில் காற்றெடுக்கும் ப்ளீடர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்துங்கள். சில்லு விடுபட்டால் உள்ளே அமுக்கம் சிக்கியிருந்தது, பெரும்பாலும் ஹோஸ்தான் காரணம். விடுபடாவிட்டால் பாட்டைத் தள்ளும் பிஸ்டனோ கலிபர் பின்னோ இறுகியிருக்கிறது. ஸ்க்ரூவைத் திறந்த பிறகு காற்றெடுக்காமல் ஓட்டக்கூடாது.

பிரேக் பாட் மீது பிரேக் ஒயில் கசிந்திருந்தால் கழுவித் திரும்பப் போட வேண்டாம். கசிவை அடைத்து, இரண்டு பக்கமும் புதிய பாட் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அதுவே இழுப்பைத் தரும்.

இதையெல்லாம் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பயம். கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் வீதியில் இரவில் யானை குறுக்கே நிற்கும். முழுப் பலத்தோடு மிதிக்கும்போது லேசான இழுப்பும் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.

பிரேக்கில் எந்தப் பிழையும் இல்லையென்றால் லோவர் ஆர்ம் புஷ்ஷை (சில்லைத் தாங்கும் கீழ்க் கையிலுள்ள ரப்பரை) பாருங்கள். அது கிழிந்திருந்தால் பிரேக் போடும்போது சில்லு பின்னுக்கு நகர்ந்து திசை மாறும். புஷ்ஷை மாற்றிய பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள்; அதற்கு முன் செய்தால் அந்தக் காசு வீண்.