காலையில் மட்டும் உறைந்த கணினி

இலங்கையின் மலையகத்திலுள்ள தலவாக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் மேசைக்கணினியை 2012ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் கோர் ஐ3 2120 செயலி, 4 ஜிபி ரேம்; சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு வினாத்தாள் தட்டச்சுச் செய்வதே அதன் முக்கிய வேலை.

2024 டிசம்பரில் அது உறையத் தொடங்கியது. மவுஸ் அசையாது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கடைசி ஒலி ஒரே இடத்தில் இழுபடும், விசைப்பலகையின் கெப்ஸ் லொக் விளக்குக்கூட மாறாது. அவ்விளக்கு மாறினால் ஏதோ ஒரு மென்பொருள் சிக்கியிருக்கிறது என்று எண்ணலாம். மாறாவிட்டால் பெரும்பாலும் முழு இயந்திரமுமே நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லோரும் சொல்வதுபோல முதலில் சூட்டையே சந்தேகித்தேன். தூசி தட்டி, செயலிக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) பூசியும் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கில் குறை தெரியவில்லை; இரவு முழுவதும் ஓடவிட்ட, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஒரு பிழையும் காட்டவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவிலிருந்த ‘கேர்னல் பவர் 41’ என்ற குறிப்போ, கணினி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதை மட்டுமே சொன்னது.

பிறகுதான் உறையும் நேரங்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டு வாரக் குறிப்பில் அத்தனையும் விடியற்காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில், கணினியைப் போட்ட முதல் இருபது நிமிடங்களுக்குள் நிகழ்ந்திருந்தன. மாலையில் ஒன்றுகூட இல்லை. பனி மூடிய அந்த வேளையில் அறையின் வெப்பநிலை 12 பாகை.

குளிரில் மட்டும் தடுமாறுவது பவர் சப்ளையாக (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி) இருக்கலாம் என்று அதன் காற்றுத் துளைகள் வழியே டோர்ச் அடித்துப் பார்த்தபோது, மின்னழுத்தத்தைச் சீராக்கும் இரண்டு கொள்ளளவிகளின் (கெபாசிற்றர்) தலை உப்பி, ஓரத்தில் பழுப்புக் கசிவு காய்ந்திருந்தது. (பவர் சப்ளையின் பெட்டியைக் கழற்ற வேண்டாம், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் இருக்கக்கூடும்.) இவ்வகைக் கொள்ளளவிக்குள் இருக்கும் திரவம் வயதாக ஆக உலர்ந்து அதன் உட்தடை கூடும், குளிரில் அது இன்னும் கூடும், சூடேறியதும் ஓரளவு குறையும். பவர் சப்ளையின் 12 வோல்ற் இணைப்பை அளந்தபோது மல்டிமீட்டர் 12.1 வோல்ற் காட்டி என்னை ஏமாற்றியதற்கும் காரணம் உண்டு: 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கதுதான், ஆனால் மின்னழுத்தத்தின் நுண்ணிய அலைவை நேர்மின் (டிசி) அளவீட்டில் அக்கருவி காட்டாது.

மச்சானின் கணினியிலிருந்து பவர் சப்ளையை இரவல் வாங்கிப் பொருத்திய மறுநாள் காலையே வித்தியாசம் தெரிந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக, இந்த ஜனவரிக் குளிரிலும், ஒரு தடவைகூட உறையவில்லை. பொருத்திய திகதியை எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.